செய்ந்நன்றிக்குப் பின் நடுவு நிலைமை

(காரைக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருக்குறளில் பன்னிரண்டாவது அதிகாரம் நடுவு நிலைமை. அதற்கு முந்தையது செய்ந்நன்றி அறிதல். இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்றியை நினைக்கும்போது நடுவு நிலைமை சிதையக்கூடும். அங்கேயும் அது சிதையலாகாது என்று காட்டவே வள்ளுவர் இதை அதன் பின்னே வைத்தார் என்பது அவர் உரை. அதிகார முறைமை என்று மாணவர்கள் தேர்வுக்குப் படித்துவிட்டுத் தாண்டிப்போகிற இடம். எனக்கோ இந்த ஒரு குறிப்புக்குள் பெரிய உளவியல் அடங்கியிருப்பதாகப் படுகிறது. மனிதன் ஓரவஞ்சனை செய்வதற்குப் பகையைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம், பேராசையைச் சொல்லியிருக்கலாம். உரைகாரர் நன்றியைச் சொல்கிறார். நம்முடைய நல்ல குணமே தராசைச் சாய்த்துவிடும் என்கிறார்.

2014ஆம் ஆண்டு ஆண்டனி கிரீன்வால்டு, தாமஸ் பெட்டிகுரு என்ற அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவர் எழுதிய ஒரு கட்டுரை ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து நிற்கிறது. பிறரை வெறுத்து ஒதுக்குவதால் விளையும் பாகுபாட்டைவிட, தம்மவருக்கு உதவுவதால் விளையும் பாகுபாடே அமெரிக்காவில் அதிகம் என்பது அதன் சாரம்.

நமக்கே தெரியாமல் நம்மிடம் குடியிருக்கும் சாய்வுகளை எப்படிச் சோதித்தறிவது என்பதே இன்றைய பேச்சு. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்கு யார்மேலாவது வெறுப்பு இருக்கிறதா?" என்று நெஞ்சைக் கேட்டால், "இல்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். கேட்க வேண்டியது வேறு: இத்தனை ஆண்டில் நான் யார் யாருக்குக் கைகொடுத்தேன்?

இந்தக் கேள்வியைச் செட்டிநாட்டில் கேட்பது எளிது. கணக்குப் பார்த்தே வளர்ந்த ஊர்கள் இவை. பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 வட்டிக்கடைகள் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வசம் இருந்ததாக 1930 வாக்கில் இயங்கிய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. முதலாளி இங்கே கோட்டையூரிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். அவருடைய முகவரான மேலாள் அங்கே கொண்டுவிற்பார். மூன்றாண்டுக் கெடு முடியும்வரை ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். குறிப்பும் பேரேடும் எழுதி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கைப் போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். மேலாள் நேர்மையானவர் என்பது முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டிச் சாவியைக் கொடுத்தார். ஆனாலும் ஐந்தொகை வந்தாக வேண்டும். அதைக் கேட்பது அவமதிப்பு என்று எந்த மேலாளும் நினைத்ததில்லை. நாணயமானவருக்கும் கூட்டலில் பிழை வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "நான் யாரிடமும் பாகுபாடு பார்ப்பதில்லை" என்று இன்று நாம் சொல்வது ஐந்தொகை போடாமல் சொல்லும் பேச்சு.

இந்தத் துறையில் பேர்பெற்ற சோதனை ஒன்றை முதலில் பார்ப்போம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள். ஆட்டினையும் டைமனையும் இடப்பக்கம், கிளாவரையும் இஸ்பேடையும் வலப்பக்கம் என்று பிரித்துப் போடுங்கள். சிவப்பு ஒருபுறம், கறுப்பு ஒருபுறம். கை தானாகப் போகும். பிறகு கலைத்து, ஆட்டினும் இஸ்பேடும் இடப்பக்கம், டைமனும் கிளாவரும் வலப்பக்கம் என்று போட்டுப் பாருங்கள். கை தயங்கும், தவறும், நேரம் கூடும். மனத்தில் ஏற்கெனவே ஒட்டியிருப்பவற்றைச் சேர்த்து வைப்பது விரைவாக நடக்கிறது. ஒட்டாதவற்றைச் சேர்க்க நேரமாகிறது. அந்த நேர வித்தியாசத்தை அளப்பதுதான் சோதனை.

கிரீன்வால்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 1998இல் இதை வெளியிட்டார்கள். சீட்டுக்குப் பதிலாகக் கணினித் திரையில் பெயர்களும் சொற்களும் வரும். நம் ஊருக்கு மாற்றிச் சொல்கிறேன். அண்ணாமலை, சொக்கலிங்கம், உமையாள், சிகப்பி என்று பெயர்கள். பதவி, சம்பளம், அடுப்படி, தாலாட்டு என்று சொற்கள். ஆண் பெயரோ பதவிச் சொல்லோ வந்தால் ஒரு விசை, பெண் பெயரோ வீட்டுச் சொல்லோ வந்தால் இன்னொரு விசை. அடுத்த சுற்றில் மாற்றிக் கட்டுவார்கள்: உமையாளும் பதவியும் ஒரு விசை, அண்ணாமலையும் அடுப்படியும் மற்றொன்று. பெரும்பாலோருக்கு இரண்டாம் சுற்றில் விரல் திணறுகிறது. பெண்களுக்கும் திணறுகிறது. இந்தச் சோதனையை உலகமெங்கும் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் மஹ்சரின் பானாஜி. செகந்திராபாத்தில் பிறந்து, உஸ்மானியாவில் படித்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். தாமே உட்கார்ந்து சோதனை செய்துபார்த்தபோது தமக்கும் சாய்வு வெளிப்பட்டதை அவர் பல இடங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்தச் சோதனையைப் பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்ளக் கூடாது. ஒரே ஆளுக்கு இன்று ஒரு முடிவும் மறுவாரம் வேறு முடிவும் வருவது சாதாரணம். திரையில் விரல் தயங்கிய ஒருவர் நடைமுறையில் பாகுபாடு காட்டியே தீருவார் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தொடர்பு பலவீனமானது என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. 2019இல் 492 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை இன்னும் ஒருபடி மேலே போனது: பயிற்சி கொடுத்து இந்த மதிப்பெண்ணைச் சற்று மாற்றலாம், மாற்றினாலும் நடத்தை அதனால் மாறுவதாகத் தெரியவில்லை. ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கோ நீக்குவதற்கோ இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது. நமக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்ற ஐயத்தை அது எழுப்பும். அந்த ஐயம் தேவைதான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பயனில்லை.

மறைந்திருக்கும் சாய்வைப் பேசும்போது, மறையாமல் நின்ற பாகுபாட்டைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1930 டிசம்பரில், இந்த ஊர்கள் அடங்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன; அவற்றில் சில இவை. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை போடக் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். பக்கத்தில் தேவகோட்டை வட்டத்தில் கண்டதேவிக் கோயில் தேர் எத்தனை ஆண்டுகள் ஓடாமல் நின்றது, யார் வடம் பிடிப்பது என்பதற்காக எத்தனை முறை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதை இந்த அவையில் இருப்பவர்கள் அறிவீர்கள். 2024 ஜூனில்தான் தேர் மீண்டும் நிலையிலிருந்து புறப்பட்டது. அதெல்லாம் சட்டமும் காவலும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய வேலை. உளவியல் சோதனை அங்கே உதவாது. சட்டம் எட்டாத இடத்தில், நல்லவர்கள் என்று பெயரெடுத்த நம் வீட்டுத் திண்ணையில் நடப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வாடகைக்கு வீடு கேட்டு ஒரு தம்பி வருகிறார். படித்தவர், வேலையில் இருப்பவர். வீட்டு ஆச்சி அன்பாகத்தான் வரவேற்கிறார். "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீக, உட்காருங்க" என்று நீர்மோர் வருகிறது. "சொந்த ஊரு?" "சிவகங்கைப் பக்கம் ஆச்சி." "சிவகங்கையில எங்கெ?" "பக்கத்துல ஒரு கிராமம்." "கிராமத்துல எந்தத் தெரு? கும்புடுற சாமி எது?" பதில் வருகிறது. கொஞ்சம் மௌனம். "பேரன் வெளிநாட்டுல இருந்து வர்றேன்னு சொல்லியிருக்கான் தம்பி. அவன் வந்தா வீடு வேணும்ல? பார்த்துட்டுச் சொல்றேன்." இந்த உரையாடலை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆச்சி பொய் சொல்லவில்லை. பேரன் வருவதாகச் சொன்னதும் நிஜம். ஆனால் அந்தப் பேரன் ஞாபகத்துக்கு வந்தது தெருப் பெயரைக் கேட்ட பிறகு. காரணம் முடிவுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று ஆச்சிக்கே தெரியாது.

வடநாட்டில் இவ்வளவு கேள்வி தேவைப்படாது, பெயரே சொல்லிவிடும். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சோதித்தது. ஆங்கில நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் வெளியிட்ட 548 வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுபோல. பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு கிடைக்கும் வாய்ப்பை நூறு என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. அந்த விண்ணப்பங்களைப் புரட்டிய அலுவலர்களில் எத்தனை பேர் தாம் சாதி பார்ப்பதாக ஒப்புக்கொள்வார்கள்?

தமிழ்நாட்டில் 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். பெரும்பாலும் அதைக் கடைப்பிடித்தும் காட்டினோம். இந்தியாவில் வேறெங்கும் காணாத சாதனை அது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பெயரிலிருந்து உதிர்ந்ததைத் தெருப் பெயராலும் குலதெய்வத்தாலும் விசாரித்து எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். நாம் கேட்கிற கேள்விகளைக் கவனித்தாலே போதும், பாதிச் சோதனை முடிந்துவிடும். முதல் முறை பார்க்கிற ஒருவரிடம் ஊர் கேட்பது பரிவு. தெரு கேட்பது எதற்காக? வயதில் மூத்த கூலியாளைப் பெயர் சொல்லி "வா, போ" என்கிற வாய், அதே வயதுள்ள இன்னொருவரை "வாங்க" என்பது எப்போது பழகியது?

ஆசிரியர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கட்டுப் பிரித்து உங்கள் மேசைக்கு வரும்போது தாளில் மாணவர் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது. முகப்புச் சீட்டைக் கிழித்தெடுத்துவிட்டு டம்மி நம்பர் போட்டிருப்பார்கள். அதற்காக எந்த ஆசிரியரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெயர் தெரிந்தால் நம் பேனா கொஞ்சம் வளையும் என்பதைக் கல்வித்துறையும் ஏற்றுக்கொண்டது, நாமும் ஏற்றுக்கொண்டோம். மனித மனத்தைப் பற்றிய இந்த உண்மையை இவ்வளவு அமைதியாக ஒத்துக்கொண்ட வேறு ஏற்பாடு நம் பொதுவாழ்வில் அரிது.

அப்படியானால் பெயர் தெரிந்து போடும் மதிப்பெண் என்னவாகிறது? ரேமா ஹன்னா, லீ லின்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் இந்தியாவில் ஒரு சோதனை செய்து 2012இல் வெளியிட்டார்கள். சிறுவர் சிறுமியர் எழுதிய தேர்வுத் தாள்களின் முகப்பில் வயது, பால், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். முகப்பில் இருப்பதற்கும் உள்ளே எழுதியிருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அப்படிக் குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். உயர்சாதி ஆசிரியர்களிடம் அந்தச் சாய்வு தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிற மதிப்பீடு, யாரைத் தாழ்த்தியதோ அவர் மனத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

நம் கல்லூரிகளில் அகமதிப்பீடு, செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என எல்லாமே முகம் பார்த்துப் போடும் மதிப்பெண்கள். அங்கே "நல்ல பையன், குடும்பம் தெரியும்" என்று ஒரு மதிப்பெண் கூடும். கூட்டிப் போட்டவருக்கு யார்மேலும் பகை கிடையாது. பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மதிப்பெண் இல்லை என்பதை அவர் கவனிப்பதே இல்லை. பரிமேலழகர் சொன்ன இடம் இதுதான்.

இன்னொரு சோதனை என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதை வரைந்த தாள்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உயர்சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். சாதியைச் சொல்லாமல் செய்தபோது இரு சாராரும் சமமாகச் செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னும் வாசித்துவிட்டு அதே வேலையைக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கிப் போனார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான்.

நம் வகுப்பறையில் இது எப்படி நடக்கும் என்று யோசியுங்கள். "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு." உதவி செய்யத்தான் ஆசிரியர் எழுப்புகிறார், விடுபட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் இரண்டு முறை கேட்கவும் செய்வார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபின், நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிறு பற்றிய பரிந்துரை மட்டும் செய்தியாகப் பேசப்பட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, இருக்கைகள் அகர வரிசைப்படி அமைய வேண்டும், உதவித்தொகைச் செய்தியைத் தலைமையாசிரியர் மாணவரைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே சொல்ல வேண்டும் என்று அதே அறிக்கையில் இருப்பவை பேசப்படவில்லை. என் கணிப்பில் அந்த அறிக்கையின் உயிர் இந்தச் சிறு விஷயங்களில்தான் இருக்கிறது.

சாய்வு மாறுமா என்று கேட்பீர்கள். மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் நடந்த ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே முதலானோர் 2009இல் வெளியிட்டது. ஊர்த்தலைவர் பேசுவதுபோன்ற ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து கிராமத்தாருக்குப் போட்டுக்காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில், ஆண்கள் அதே உரையைப் பெண் குரலில் கேட்டபோது குறைத்து மதிப்பிட்டார்கள். இட ஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்துபோன ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. "யார் தலைவராக இருப்பது பிடிக்கும்?" என்று கேட்டால் அங்கேயும் ஆணைத்தான் சொன்னார்கள். விருப்பம் மாறவில்லை, எடைபோடுவது மட்டும் நேராகிவிட்டது. எனக்கு இது பெரிய ஆறுதல். மனம் தூய்மையாகும்வரை நியாயம் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்திருக்கிறது. தலைவியின் வீட்டுக்காரரைத் "தலைவரே" என்று கூப்பிடுவதை நாம் நிறுத்தினால் அந்தச் சட்டம் இன்னும் விரைவாக வேலை செய்யும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடல்கடந்த அந்த வணிகம் நம்பிக்கையால் வளர்ந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, தானே கடை வைத்தான். சேர்த்துக்கொள்ளப்பட்ட பையன் உறவுக்குள்ளோ இனத்துக்குள்ளோ இருந்தான். "நம்ம பிள்ளை ஒருத்தன் இருக்கான்" என்பது அன்பான சொல்தான். அந்த அன்பால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் தலையெடுத்தன. அதே சொல்லால், பக்கத்து ஊர்களில் இருந்த கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமலே போனார்கள். இரண்டும் ஒரே பேரேட்டின் வரவும் செலவும்.

தம்மவர் கணக்கைத் தாமே எடுத்துப் பார்த்தவர்களும் இங்கேயே தோன்றினார்கள். சொ. முருகப்பா காரைக்குடியிலிருந்து 'குமரன்' இதழை நடத்திக்கொண்டு, தம் சமூகத்தின் பழக்கங்களையே கேள்வி கேட்டார். 1930களில் இந்த ஊரிலிருந்து 'மாதர் மறுமணம்' என்று தனியாகவே ஓர் இதழ் வந்தது. வருவாயில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் செய்துவந்த மரபில் வந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1947இல் இங்கே கல்லூரி கண்டார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த வாசலில் யாரும் குலதெய்வம் கேட்கவில்லை. கொடை தம்மவரைத் தாண்டும்போது என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரின் கல்வி வரலாறே சான்று.

ஆகவே நான் வேண்டுவது கணினிச் சோதனையை அல்ல. கடந்த ஐந்து ஆண்டுகளில் யாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தீர்கள், யார் பிள்ளைக்குக் கட்டணம் கட்டினீர்கள், வீட்டையும் கடையையும் யாருக்கு வாடகைக்கு விட்டீர்கள், அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண் யாருக்குப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர்கள் மட்டும் போதும். எழுதிய தாளை உங்கள் உறவில் இல்லாத, உங்கள் தெருவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாதது அவருக்கு உடனே தெரியும். அறக்கட்டளைகளுக்கும் இதையே சொல்வேன், இந்த அறக்கட்டளை உட்பட. பரிசு பெற்றவர்கள், பேச அழைக்கப்பட்டவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எத்தனை பெண்கள், எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று எண்ணுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உதவித்தொகைப் படிவங்கள் வரும். வகுப்பில் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே அழைத்துக் கையில் கொடுங்கள்.